செல்லப்பிராணிகளின் சிறுநீரை யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்காலத்தில் நாய், பூனைகளுக்கு வரும் சிறுநீர்க் கோளாறுகள் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். போதிய அளவு தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும், சிறுநீர் கழிக்க முக்கினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தவை அனைத்தும் சரியான அறிவுரைகளே. ஆனால் மதுரையில் 26 ஆண்டுகளாகச் செல்லப்பிராணிகளுக்கு மருத்துவம் பார்த்துவரும் எனக்கு, அந்த மூன்றாவது அறிவுரையைப் படித்தபோது மனம் அங்கேயே நின்றுவிட்டது. அந்தச் சிறுநீரை யார் பரிசோதிப்பது, எவ்வளவு நேரத்துக்குள் பரிசோதிப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் நம் ஊர்களில் இன்றுவரை ஒழுங்கான விடை இல்லை. அந்த விடை, மருத்துவரின் பக்கத்தில் நின்று வேலை செய்யும் உதவியாளரின் கையில் இருக்கிறது என்பதையும், அவருக்கு நாம் அதைக் கற்றுக்கொடுக்கத் தவறியிருக்கிறோம் என்பதையும் தங்கள் வாசகர்களிடமும், பொறுப்பில் இருப்பவர்களிடமும் எடுத்துச் சொல்லவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

உடலைவிட்டு வெளியே வந்த சிறுநீர் அப்படியே இருப்பதில்லை. அறை வெப்பத்தில், அதிலும் சித்திரை மாதத்து மதுரை வெப்பத்தில், ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே அது மாறத் தொடங்கிவிடுகிறது. அதில் இருந்த பாக்டீரியாக்கள் பெருகுகின்றன; அவற்றில் சில யூரியாவைச் சிதைத்துச் சிறுநீரைக் காரத்தன்மை உடையதாக்குகின்றன; காரத்தன்மை கூடும்போது செவ்வணுக்களும் வெள்ளணுக்களும் உடைந்து கரைகின்றன; காஸ்ட் என்று நாங்கள் சொல்லும் உருளை வடிவப் படிவுகள் அவற்றுக்கும் முன்பே மறைந்துவிடுகின்றன. இதைத் தடுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வேறொரு சிக்கல் வருகிறது. குளிர்ச்சியில், பிராணியின் உடலுக்குள் இல்லாத படிகங்கள் புட்டிக்குள் புதிதாக உருவாகின்றன. ஆகவே எடுத்த அரை மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியில் பார்க்கப்படும் சிறுநீர்தான் அந்தப் பிராணியைப் பற்றி உண்மை சொல்லும். வேறு வழியே இல்லாமல் சில மணி நேரம் குளிரில் வைக்க நேர்ந்தால், பார்ப்பதற்கு முன் அதை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். படிகம் எதுவும் தென்பட்டால் புதிய மாதிரி ஒன்றை எடுத்து உறுதிசெய்துகொள்ளவும் வேண்டும்.

இதை நான் பாடப்புத்தகத்தில் படித்திருந்தும், அதன் முழுக் கனத்தை உணர்ந்தது ஒரு பூனையால்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு, வீட்டுக்குள் மண்தட்டை விட்டுவிட்டுத் தரையிலும் மெத்தையிலும் சிறுநீர் கழிக்கத் தொடங்கிய ஆறு வயதுப் பெண் பூனை ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். மாலை நேரம், கிளினிக்கில் கூட்டம். சிறுநீரை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் காலையில் மனிதர்களுக்கான ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினேன். செவ்வணுக்கள் நிறைய இருப்பதாகவும், படிகங்கள் மூன்று பிளஸ் அளவில், அதாவது மிக அதிகமாக, இருப்பதாகவும் அறிக்கை வந்தது. அதை நம்பி, விலை கூடிய சிறப்பு உணவையும் மருந்துகளையும் ஐந்து வாரங்களுக்கு எழுதிக்கொடுத்தேன். எந்த மாற்றமும் இல்லை. பிறகு ஒரு நாள் ஸ்கேன் உதவியுடன் சிறுநீர்ப்பையிலிருந்து ஊசி மூலம் நேரடியாகச் சிறுநீரை எடுத்து, பத்து நிமிடத்துக்குள் நானே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒரு படிகம்கூட இல்லை. செவ்வணு என்று எண்ணத்தக்கவாறு உருண்டையாகத் தெரிந்தவை அனைத்தும் கொழுப்புத் துளிகள். பூனையின் சிறுநீரில் கொழுப்புத் துளிகள் சாதாரணமாகவே காணப்படும். மனிதர்களின் சிறுநீரையே நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை செவ்வணுக்களாகத் தோன்றியதில் வியப்பில்லை. அந்த ஆய்வகத்தின் மீது நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலையை அவர்களிடம் கொடுத்தது என் தவறு. விசாரித்ததில், அந்த வீட்டுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு இன்னொரு பூனை புதிதாக வந்திருந்தது தெரிந்தது. இரண்டுக்கும் தனித்தனியாக இடமும் மண்தட்டும் ஒதுக்கிய பிறகு நிலைமை படிப்படியாகச் சரியானது. ஐந்து வாரங்கள் தேவையில்லாத மருந்துகளை விழுங்கிய அந்தப் பூனையையும், தங்கள் சக்திக்கு மீறிச் செலவு செய்த அந்தக் குடும்பத்தையும் நான் மறக்கவில்லை.

மருத்துவரே உடனுக்குடன் பார்த்துவிடலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே மருத்துவர் நடத்தும் கிளினிக்கின் காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். மேசையில் ஒரு நாய்க்குத் தையல் போட்டுக்கொண்டிருப்பார். வெளியே பத்துப் பேர் காத்திருப்பார்கள். நடுவில் வலிப்பு கண்ட நாய்க்குட்டி ஒன்று வந்துசேரும். மேசை ஓரத்தில் வைத்த சிறுநீர்ப் புட்டியை அவர் மறுபடி நினைப்பதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிடும். அந்தப் புட்டியைக் கையில் வாங்கிய அதே நிமிடத்தில் வேலையைத் தொடங்கக்கூடியவர், கம்பவுண்டர் என்றும் அசிஸ்டென்ட் என்றும் நாம் அழைக்கும் அந்த உதவியாளர் ஒருவர்தான். மற்ற நாடுகளில் அவரைக் கால்நடைச் செவிலியர் என்கிறார்கள். பிரிட்டனில் 1961-ஆம் ஆண்டிலேயே அவர்களுக்கென்று முறையான பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கே இன்று பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் ஆய்வகப் பரிசோதனைகளைத் தம் அன்றாடப் பணியின் ஒரு பகுதியாகவே செய்கிறார். நம்மிடமும் அதே வேலையைச் செய்யும் கைகள் இருக்கின்றன, பயிற்சிதான் இல்லை.

என் கிளினிக்கில் பணிபுரியும் பெண்ணுக்கு இதைக் கற்றுக்கொடுக்க நான் முடிவு செய்தது அந்தப் பூனைக்குப் பிறகுதான். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவர். அதற்கு மேல் படிக்கக் குடும்பச் சூழல் இடம் தரவில்லை. முதல் இரண்டு வாரங்கள் நுண்ணோக்கியின் பக்கமே அவரை நான் விடவில்லை. மாதிரியைக் கையாளுவதை மட்டுமே பழகினார். புட்டியில் பிராணியின் பெயர், எடுத்த நேரம், எடுத்த விதம் ஆகியவற்றை எழுத வேண்டும். தரையிலிருந்து உறிஞ்சியதா, நாய் கழிக்கும்போது நடுப்பகுதியைப் பிடித்ததா, குழாய் விட்டு எடுத்ததா, ஊசியால் எடுத்ததா என்பது தெரியாமல், பின்னால் காணும் எதற்கும் பொருள் சொல்ல முடியாது. ஊசி குத்தியதாலேயே சில செவ்வணுக்கள் வரக்கூடும், தரையிலிருந்து எடுத்ததில் பாக்டீரியா இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. பிறகு நிறத்தையும் கலங்கலையும் பார்ப்பது. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு அடர்த்தியைப் படிப்பது. வண்ணப் பட்டையை நனைத்துக் கடிகாரம் பார்த்துப் படிப்பது. மனிதர்களுக்கென்று செய்யப்பட்ட அந்தப் பட்டையில் அடர்த்திக்கும் நைட்ரைட்டுக்கும் உரிய கட்டங்களை நாய், பூனைகளுக்கு நம்பக் கூடாது. வெள்ளணுவுக்கான கட்டம் பூனைகளில் பொய்யாகவே நிறம் மாறும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் எழுதப்பட்ட எத்தனையோ ஆன்டிபயாடிக் சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வாரத்தில்தான், மாதிரியை வேகமாகச் சுழற்றி வண்டலை அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃபியூஜுக்கு வந்தோம். புட்டியை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்கி, 5 மில்லி அளவைக் குழாயில் எடுத்து, நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்று வேகத்தில் 5 நிமிடங்கள் சுழற்ற வேண்டும். மேலே தெளிந்த நீரை வடித்து, அரை மில்லி அளவு மட்டும் அடியில் விட்டு, குழாயை விரலால் இலேசாகத் தட்டி வண்டலைக் கலைக்க வேண்டும். வேகத்தைக் கூட்டினால் காஸ்டுகள் நொறுங்கும். அளவை ஒவ்வொரு முறையும் மாற்றினால் நேற்றைய எண்ணிக்கையை இன்றைய எண்ணிக்கையோடு ஒப்பிட முடியாது. ஒரே பிராணியின் சிறுநீரைத் தொடர்ந்து பார்த்துவரும்போது எப்போதும் ஒரே அளவில், ஒரே வேகத்தில் செய்வதற்கு ஈடான திறமை வேறு எதுவும் இல்லை என்பது என் கருத்து.

சுழற்றி முடித்ததும் ஸ்லைடுக்குப் போவதற்கு முன்பே குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தேன். சிவந்த சிறுநீரைச் சுழற்றியதும் அடியில் சிவப்பு படிந்து மேலே தெளிந்துவிட்டால், சிறுநீர்ப் பாதையில் எங்கோ இரத்தம் கசிகிறது. சுழற்றிய பின்னும் மேலே உள்ள நீர் சிவப்பாகவே நின்றால், செவ்வணுக்கள் உடலுக்குள்ளேயே உடைந்து அவற்றின் நிறமி வெளியேறியிருக்கலாம். தசை சிதைந்து அதன் நிறமி வந்திருக்கலாம். மிகவும் நீர்த்த சிறுநீராக இருந்தால் செவ்வணுக்கள் சிறுநீருக்குள்ளேயே வெடித்தும் இருக்கலாம். கடந்த ஆண்டு ஒரு நாள் அறுவை சிகிச்சை ஒன்றின் நடுவில் நான் இருந்தபோது, காப்பி நிறத்தில் சிறுநீர் கழிப்பதாகக் கொண்டுவரப்பட்ட ஒரு லாப்ரடாரின் மாதிரியைச் சுழற்றிவிட்டு, அந்தப் பெண் கதவருகே வந்து, "சார், மேல் தண்ணி தெளியவே இல்ல, அடியில செவ்வணுவும் இல்ல, ஈறு வெளுத்திருக்கு, காதுக்குள்ள உண்ணி இருக்கு" என்றார். அப்போதே ஒரு துளி இரத்தத்தை ஸ்லைடில் மெல்லத் தேய்த்து இரத்தப் பூச்சு எடுக்கச் சொன்னேன். அதில், உண்ணிகள் பரப்பும், செவ்வணுக்களை உடைக்கும் பபேசியா ஒட்டுண்ணி தெரிந்தது. சிறுநீர்ப்பை அழற்சி என்று எண்ணி இரண்டு நாள் ஊசி போட்டிருந்தால், இரத்தசோகை முற்றி அந்த நாய் பிழைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு வருகிறேன். சாயமிடாத வண்டலைப் பார்க்கும்போது, ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைக் கீழே இறக்கி வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்ற இந்தச் சின்ன விஷயம் தெரியாததால், நுண்ணோக்கி இருந்தும் ஒன்றும் தெரியவில்லை என்று ஒதுக்கி வைத்த கிளினிக்குகள் உண்டு. முதலில் 10 மடங்கு வில்லையில் ஸ்லைடு முழுவதையும், குறிப்பாக ஓரங்களையும், பார்த்துக் காஸ்டுகளையும் படிகங்களையும் தேட வேண்டும். பிறகு 40 மடங்கு வில்லைக்கு மாறிக் குறைந்தது பத்துப் பார்வைப் புலங்களில் அணுக்களை எண்ண வேண்டும். ஒரு புலத்துக்கு ஐந்துக்கும் குறைவான செவ்வணுக்களும் வெள்ளணுக்களும் இயல்பானவை. கொழுப்புத் துளிகள் பல அளவுகளில் இருக்கும், ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பை ஒட்டி மேலே மிதக்கும். செவ்வணுக்கள் ஒரே அளவில் இருக்கும், கீழே அமிழ்ந்து கிடக்கும். குவியத்தை மேலும் கீழும் மெல்லத் திருப்பினாலே இரண்டும் பிரிந்து தெரியும். இதைக் கையால் செய்து பார்க்காமல் எவ்வளவு விளக்கினாலும் புரியாது. அதேபோல, இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும் துகள்களைப் பாக்டீரியா என்று எழுதிவிடுவது தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை. ஐயம் வந்தால் வண்டலில் ஒரு சொட்டை ஸ்லைடில் காயவைத்து, இரத்தப் பூச்சுக்குப் பயன்படுத்தும் அதே லீஷ்மன் சாயத்தில் நனைத்துப் பார்ப்பது நல்லது. பாக்டீரியா இருக்கிறதா இல்லையா என்பது ஈர ஸ்லைடைவிட அதில் தெளிவாகத் தெரியும்.

படிகங்களை அந்தப் பெண் வேகமாகப் பிடித்துக்கொண்டார். ஸ்ட்ரூவைட் படிகம் சவப்பெட்டியின் மூடி போலிருக்கும். கால்சியம் ஆக்சலேட்டின் ஒரு வகை, அஞ்சல் உறையின் பின்பக்கம்போல் நடுவில் பெருக்கல் குறியோடு சதுரமாக இருக்கும். சிஸ்டைன், தேன்கூட்டு அறைபோல் அறுகோணத் தகடாக இருக்கும். அமோனியம் பையூரேட்டைக் காட்டியபோது, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, "இது ஊமத்தங்காய் மாதிரி இருக்கு சார்" என்றார். ஊமத்தங்காயின் பெயரால்தான் அந்தப் படிகத்தின் வடிவத்தை ஆங்கில நூல்களும் குறிப்பிடுகின்றன என்பதை அவருக்குச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சி எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆனால் வடிவத்தை அடையாளம் காண்பதோடு வேலை முடிவதில்லை. நலமாக இருக்கும் நாயின் அடர்த்தியான சிறுநீரில் சில ஸ்ட்ரூவைட் படிகங்கள் இருப்பது நோயல்ல. படிகம் இருந்தால் கல் இருக்கிறது என்று பொருளும் அல்ல. ஊமத்தங்காய்ப் படிகம் டால்மேஷன் நாயில் தெரிந்தால் அது அந்த இனத்தின் பிறவி இயல்பாக இருக்கலாம் என்பது ஒரு பொருள், வளராமல் சோர்ந்து கிடக்கும் வேறோர் இன நாய்க்குட்டியில் தெரிந்தால் கல்லீரலைச் சந்தேகிக்கச் சொல்லும் வேறொரு பொருள். பூனையின் சிறுநீரில் பித்த நிறமியான பிலிருபினின் படிகம் தெரிந்தால் அது எப்போதும் கவனிக்கத்தக்கது, நாயில் அப்படியல்ல.

நான் மிகவும் மதிக்கும் படிவு, காஸ்ட். சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் வார்க்கப்பட்டு வெளிவரும் அந்த உருளைகள், உள்ளே நடப்பதை நேரடியாகக் காட்டுபவை. கிரியாட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை பொதுவாகச் சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே உயரும். ஆனால் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போடப்பட்டுவரும் நாயின் சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கினால், கிரியாட்டினின் உயர்வதற்கு முன்பே குருணை போன்ற காஸ்டுகள் சிறுநீரில் தென்படக்கூடும். அன்றே ஊசியை நிறுத்திவிட்டால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. கண்ணாடிவிரியனின் நஞ்சும் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால், அது கடித்த நாய்களைக் கவனிக்கும்போதும் இதே எச்சரிக்கை உதவுகிறது. இந்தக் காஸ்டுகள்தான் சிறுநீர் பழசாகும்போது முதலில் அழிகின்றன என்பதை மறுபடி நினைவூட்ட விரும்புகிறேன். வெளி ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும் மாதிரியில் இவற்றைத் தேடுவது பெரும்பாலும் வீண்.

ஒவ்வொரு வாரமும் ஐந்து ஸ்லைடுகளை அவரும் நானும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே படித்து, பிறகு ஒப்பிடும் வழக்கத்தை வைத்துக்கொண்டோம். ஒத்துப்போகாத ஸ்லைடை நுண்ணோக்கியின் கண்ணாடி வழியே கைப்பேசியில் படமெடுத்து, கால்நடை நோய்க்குறியியல் படித்த நண்பர் ஒருவருக்கு அனுப்புவோம். நான்கு மாதங்களில் எங்கள் இருவரின் எண்ணிக்கைகளும் பெரும்பாலும் ஒத்துவரத் தொடங்கின. இரண்டு முறை அவர் சொன்னதே சரி, நான் எழுதியது பிழை.

இதில் எல்லையும் இருக்கிறது. கண்டதை எழுதுவது செவிலியரின் வேலை. அதற்கு நோயின் பெயர் சூட்டுவதும் மருந்து எழுதுவதும் மருத்துவரின் வேலை. கொத்துக் கொத்தாக, பெரிய கருக்களோடு, சிறுநீர்ப் பாதையின் உட்சுவரைச் சேர்ந்த எபிதீலிய அணுக்கள் தெரிந்தால், 'வழக்கத்துக்கு மாறான அணுக்கள், மருத்துவர் பார்க்கவும்' என்று எழுதினால் போதும். புற்றுநோய் என்ற சொல் அவர் வாயிலிருந்து உரிமையாளரின் காதுக்குப் போகக் கூடாது. ஆண் பூனை ஒன்று முக்கி முக்கிச் சொட்டு நீர்கூட வராமல் தவித்தால், அது பரிசோதனைக்குக் காத்திருக்கும் நேரமல்ல. வேறு எந்த வேலையில் இருந்தாலும் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும் என்பதையும் அதே பயிற்சியில் சொல்லிக்கொடுக்க வேண்டும். எலிக் காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, ஆனால் நாயின் சிறுநீரிலிருந்து மனிதருக்குத் தொற்றும். ஆகவே மழைக்காலம், வெயில்காலம் என்று பாராமல் கையுறை இல்லாமல் எந்த மாதிரியையும் தொடக் கூடாது. குறைந்த ஊதியத்துக்கு வேலை செய்யும் ஒருவரிடம் கையுறைக்குக்கூடக் கணக்குப் பார்க்கும் போக்கு சில இடங்களில் இருப்பதைக் கண்டு நான் மனம் வருந்தியிருக்கிறேன்.

சட்டம் இதற்குத் தடையாக நிற்பதாக நான் கருதவில்லை. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, உரிய பட்டயமோ சான்றிதழோ பெற்ற உதவியாளர்கள், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு மருத்துவப் பணிகளைச் செய்ய இடமளிக்கிறது. தடுப்பூசி, ஆண்மை நீக்கம், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் போன்றவை அங்கே எடுத்துக்காட்டுகளாகச் சொல்லப்படுகின்றன. ஒரு காளைக்கு ஆண்மை நீக்கம் செய்ய நம்பப்படும் கைகளை, ஒரு சொட்டு வண்டலைப் பார்த்துக் கண்டதை எழுத நம்புவதில் என்ன தயக்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியையும், அதைத் தொடர்ந்து நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு முதலிய ஊர்களில் அமைந்த கல்லூரிகளையும் தன்னகத்தே கொண்ட நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திடம் நான் வேண்டுவது இதுதான்: தனியார் கிளினிக்குகளிலும் அரசு மருத்துவமனைகளிலும் ஏற்கெனவே பணிபுரியும் உதவியாளர்களுக்காக, தமிழ்வழியில், இரண்டு வார நேரடிப் பயிற்சி ஒன்றைக் கல்லூரி மருத்துவமனைகளில் நடத்த வேண்டும். கரும்பலகைப் பாடமாக இல்லாமல், அன்றன்று வரும் பிராணிகளின் சிறுநீரைக் கொண்டே அது நடக்க வேண்டும். முடிவில், கலந்து வைத்த இருபது ஸ்லைடுகளைப் படிக்கச் செய்து தேர்ச்சி அளிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒருமுறை மறுபடி அழைத்துச் சோதிக்க வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை, தன் பன்முக மருத்துவமனைகளில் நுண்ணோக்கி, சென்ட்ரிஃபியூஜ், ரிஃப்ராக்டோமீட்டர் ஆகிய மூன்றும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில், வேலை செய்யும் நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வண்டலைத் தானே படமெடுத்து எண்ணிச் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன என்பது எனக்குத் தெரியும். அவற்றின் விலை சிறு ஊர்க் கிளினிக்குகளுக்கு எட்டாது, எட்டினாலும் அந்தக் கருவி காட்டும் படம் சரியா என்று பார்க்கப் பழகிய கண் ஒன்று வேண்டும். பயிற்சி பெற்றவருக்கு அதற்கேற்ப ஊதியத்தை உயர்த்துவது என்னைப்போன்ற மருத்துவர்களின் கடமை. அதை நான் செய்திருக்கிறேன், செய்யாதவர்களிடம் கேட்டுக்கொள்ளவும் செய்கிறேன்.

பிராணி வளர்ப்போருக்கும் ஒரு வேண்டுகோள். ஊறுகாய், ஜாம் இருந்த புட்டிகளைக் கழுவிச் சிறுநீர் கொண்டுவராதீர்கள்; ஒட்டியிருக்கும் சர்க்கரையும் சோப்பும் முடிவை மாற்றிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் புதிய புட்டியில், காலையில் முதலில் கழிப்பதைப் பிடித்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். வந்ததும் அதை மேசையில் வைத்துவிட்டு வரிசையில் உட்காராமல், உதவியாளரின் கையில் கொடுத்து, எடுத்த நேரத்தைச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகமோ துறையோ முன்வரும் வரை, மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கிளினிக்குகளில் பணிபுரியும் உதவியாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் என் கிளினிக்கின் நுண்ணோக்கியைத் திறந்து வைக்க முடிவு செய்திருக்கிறேன். கட்டணம் இல்லை. கற்றுக்கொடுக்கப்போவது என்னிடம் பணிபுரியும் அந்தப் பெண்தான். நான் பக்கத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
மதுரை.